கொம்பனுக்கு ஒரு ஸ்கேன்

பதிவுத் தபாலில் வந்த கடிதம் ‘டாக்டர் பூபதிராஜா அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தது. பூபதிராஜா ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். கேரள எல்லைக்குள் இருக்கும் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் பின்னால் ஃபைபர் பட்டறை வைத்து, தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தீவனத் தொட்டி, கோயில் வாகனம் என்று செய்து கொடுப்பவர். தன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இரண்டாவது வரியில் அது போய்விட்டது. ‘தாங்கள் அனுமதியின்றி நடத்திவரும் கர்ப்பிணி ஸ்கேன் மையத்தை’ என்று அந்த வரி போயிற்று.

மனைவி அனுப்பிரியா ரெசின் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

“ஏனுங்க, எனக்குத் தெரியாம இத எங்க வெச்சு நடத்தறீங்க?”

“அட, அந்த மெஷினச் சொல்றாங்க புள்ள.”

“அது சரி. யாரு கர்ப்பிணி?”

பூபதிராஜா யானையைப் பார்த்தார். பட்டறையின் நடுவே பத்தடி உயரத்தில் ஒரு கொம்பன் யானை நின்றுகொண்டிருந்தது. மூன்று கால்களிலும், வயிற்றுக்குக் கீழே வைத்த ஒரு லாரி ஜாக்கியிலும் நின்றது. நான்காவது கால் இருந்தது, ஆனால் அதன்மேல் இன்னும் பாரம் இறக்கவில்லை. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருகிற சனிக்கிழமை காலை அது போய் நிற்க வேண்டும். சாமியை வைத்துக்கொண்டு பூசாரி ஒருவர், குடை பிடிக்க இரண்டு பேர், ஆக மூன்று பேர் அதன் முதுகில் ஏறுவார்கள்.

இந்த இடத்தில் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். யானையின் உடம்பு உள்ளே வெற்று. ஆனால் கால் அப்படி இருக்க முடியாது. நடுவில் இரும்புக் குழாய், அதைச் சுற்றிக் கல்மாவு கலந்த ரெசின், வெளியே ஃபைபர் ஓடு. ரெசின் என்பது ஊற்றும்போது தேன்போல இருக்கும், ஹார்டனர் சேர்த்தால் தானாக இறுகிக் கல்லாகும். இறுகும்போது சூடு கிளம்பும். பருமனான காலில் அவசரப்பட்டால் அந்தச் சூட்டிலேயே உள்ளே வெடிப்பு விடும். அதனால் ஹார்டனரைக் குறைத்து, நான்கைந்து நாள் நிதானமாக இறுக விடுவார் பூபதிராஜா. சிக்கல் என்னவென்றால், வெளியே தட்டினால் முதல் நாளிலேயே ‘டங்’ என்று கேட்கும். உள்ளே இன்னும் அல்வாவாக இருக்கும். போன வருடம் வேறொரு கோயிலுக்குச் செய்த குதிரை அப்படித்தான் தட்டலுக்கு நன்றாகப் பதில் சொன்னது. திருவிழாவன்று முன்னங்கால் மெல்ல மடங்கியது. மேலே இருந்தவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல இறங்கிவிட்டார், அடியில்லை. அன்றிலிருந்து சந்தையில் யாராவது தடுக்கி விழுந்தால், ‘பூபதி செஞ்ச காலாட்டம்’ என்றுதான் சொன்னார்கள்.

அதற்காகத்தான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி கழித்துப் போட்ட பழைய மெஷினை அவர் வாங்கி வந்தார். கான்கிரீட்டைச் சோதிக்கிற அல்ட்ராசவுண்ட் மெஷின் அது. சோப்புக்கட்டி அளவில் இரண்டு உலோக வில்லைகள். காலின் ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் இன்னொன்று. முதல் வில்லை காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், இரண்டாவது வாங்கிக்கொள்ளும். இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று எண் வரும். அவ்வளவுதான், படம் எதுவும் வராது.

சந்தையில் அவிழ்த்துவிட்ட மாடுகளில் முதல் மாட்டைத் தள்ளினால், அது அசைந்து அடுத்ததை இடித்து, கடைசி மாட்டுக்கு விஷயம் போய்ச் சேர நேரமாகும். அதே மாடுகளை இடைவெளியில்லாமல் கம்பத்தில் நெருக்கிக் கட்டிவிட்டால், இந்தப் பக்கம் தள்ளியது அந்தப் பக்கம் உடனே தெரியும். ரெசினும் அப்படியே. இளகி இருக்கும்போது ஒலி மெதுவாகப் போகும், இறுக இறுக வேகமாகப் போகும். ஆகையால் மெஷினில் எண் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். எந்த எண்ணில் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் கால் 121இல் நின்றது, இரண்டாவது 124, மூன்றாவது 119. அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, மூன்று முறை ஒரே எண் வந்தால் உள்ளே இறுகி முடிந்தது என்று அர்த்தம்.

வில்லைக்கும் காலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால் ஒரு ஜெல் தடவ வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி ஸ்கேன் ஜெல்தான் நல்லது என்று பூபதிராஜா மூன்று கேன் வாங்கினார். அங்கேதான் விதி வந்தது.

கருவில் இருப்பது பெண் என்று தெரிந்து அழிக்கிற கொடுமையைத் தடுக்க ஸ்கேன் மெஷின்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. நல்ல காரியம். இரண்டு பெண்களைப் பெற்ற பூபதிராஜாவுக்கு அதில் மறுபேச்சே இல்லை. அந்த நல்ல காரியத்தைக் காக்கவென்று மாவட்டத்தில் ‘ஒலியலைச் சாதன மேற்பார்வைப் பிரிவு’ என்று ஓர் அலுவலகம் இருந்தது. ஆஸ்பத்திரி இல்லாத விலாசத்துக்கு மூன்று கேன் ஜெல் போனதாக மருந்துக் கடையிலிருந்து அதற்குத் தகவல் போயிற்று.

கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையே ஆட்களும் வந்தார்கள். மேற்பார்வையாளர் சிவப்பிரகாஷ், இஸ்திரி கலையாத சட்டை போட்டவர். கூடவே கிளார்க் டின்டு, அரக்கு, நூல், மெழுகுவர்த்தி, தடித்த ஒரு விதிப்புத்தகம் எல்லாம் சுமந்தவன்.

சிவப்பிரகாஷ் யானையை ஏறிட்டுப் பார்த்தார். வியந்ததாகத் தெரியவில்லை. டின்டுவிடம், “ஃபாரம் எடு” என்றார்.

“பேஷன்ட் பேரு?”

“கொம்பன்னு சொல்வோமுங்க.”

“வயசு?”

“ஆறு வாரமுங்க.”

“கணவர் பேரு?”

“கோயில் கமிட்டின்னு எழுதிக்குங்கொ” என்றாள் அனுப்பிரியா. டின்டு எழுதிக்கொண்டான்.

“இதுக்கு முன்னாடி எத்தனை?”

“மூணு காலு முடிஞ்சுதுங்க. எல்லாம் நல்லபடியா.”

‘முந்தையது மூன்று, சுகம்’ என்று பதிவாயிற்று.

“இப்ப எவ்வளவு நாளாச்சு?”

“ஞாயித்துக்கிழமை ஊத்தினதுங்க. ரெண்டு நாள்.”

டின்டு பேனாவை நிறுத்தினான். “சார், ரெண்டு நாள்ல ஸ்கேன்ல ஒண்ணுமே தெரியாதே.”

“அதத்தான் நானும் யோசிக்கறேன். ஒண்ணுமே தெரியாத நேரத்துல எதுக்கு ஸ்கேன் பண்றாங்க? எழுது, சந்தேகத்துக்கிடம்.”

அப்போதுதான் அவர் பார்வை தந்தங்களில் விழுந்தது. ஃபைபரில் செய்து, வெண்மையாக வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார் பூபதிராஜா. சிவப்பிரகாஷ் முகம் இறுகியது.

“இது ஆணுன்னு யாரு சொன்னது?”

“ஆர்டர் குடுத்தவங்க கொம்பன்தானுங்க கேட்டாங்க.”

“அப்ப ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. ஸ்கேன் பண்ணிட்டுச் சொல்றதே குத்தம். பண்ணாமயே சொன்னா எவ்வளவு பெரிய குத்தம், யோசிச்சுப் பாருங்க. டின்டு, கொம்ப மூடு. விசாரணை முடியற வரைக்கும் இது ஆணுமில்ல, பொண்ணுமில்ல.”

தீவனச் சாக்குகள் இரண்டைத் தந்தங்களுக்கு மாட்டிக் கட்டினான் டின்டு. யானை பல் வலிக்குக் கட்டுப்போட்டதுபோல நின்றது. பிறகு மெஷினைத் துணிப்பையில் போட்டு, நூல் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். மிச்சமிருந்த ஜெல் கேனுக்கும் தனியாக ஒரு முத்திரை.

காலையில் பார்த்த கடைசி எண் 168. இனி அந்தக் காலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள பூபதிராஜாவிடம் ஒரு வழியும் இல்லை.

அன்று மாலை கோயில் கமிட்டித் தலைவர் பொங்கியண்ணன் வந்தார். நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்ததும் நாற்காலி பேசியது.

“பூபதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வாடகை ஆனைக்குச் சொல்லிருவேன். ஏஜென்டு தெனமும் போன் அடிக்கறான்.”

“மூணு காலும் தயார்தானுங்க மாமா.”

“மூணு காலோட வந்து நிக்கறதுக்கு அது என்ன முக்காலியா? நெலவரத்தச் சொல்லு. கடைசிக் காலு நிக்குமா, நிக்காதா?”

“தெரியலீங்க மாமா. தெரியறதுக்கான மெஷின் பைக்குள்ள இருக்குது.”

“குதுரைக்கும் இதையே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்” என்றுவிட்டுப் போனார்.

புதன்கிழமை பாலக்காட்டுக்குப் பஸ் பிடித்தார் பூபதிராஜா. மேற்பார்வைப் பிரிவின் சுவர் முழுக்க வண்ண வண்ண வரைபடங்கள். எல்லாவற்றிலும் கோடு அடியிலேயே ஓடியது. சிவப்பிரகாஷ் அதைப் பெருமையோடு காட்டினார்.

“பதினோரு வருஷமா இந்தப் பிரிவு நடக்குது. இதுவரைக்கும் ஒரு குத்தம்கூட நாங்க கண்டுபிடிச்சதில்ல. அந்தளவுக்குக் கண்காணிப்பு.”

“நெசமான ஸ்கேன் சென்டருக்கெல்லாம் போய்ப் பாப்பீங்களா?”

“அவங்கெல்லாம் ரிக்கார்டு சரியா வெச்சிருப்பாங்க. ரிக்கார்டு சரியா இருந்தா நாங்க உள்ள போறதில்ல. ரிக்கார்டு இல்லாதவங்களத்தான் பிடிக்கணும். உங்களாட்டம் ஒருத்தர் வரமாட்டாரான்னு இருந்தோம்.”

“எங்க மெஷின்ல படமே வராதுங்க. வெறும் எண்ணுதான்.”

“அதுதான் பெரிய ஆபத்து. படம் வந்தா நாங்களாவது பாக்கலாம்.”

பூபதிராஜா பொறுமையானவர். எதையும் முதலிலிருந்து விளக்கினால் யாருக்கும் புரியும் என்று நம்புகிறவர். மாடு, கம்பம், தள்ளுவது எல்லாவற்றையும் விளக்கினார். சிவப்பிரகாஷ் கவனமாகக் கேட்டுவிட்டு, “மாடுகளையும் ஸ்கேன் பண்றீங்களா?” என்று குறித்துக்கொண்டார்.

“அதெல்லாம் இல்லீங்க. மெஷினுக்கு அனுமதி வேணும், அதுக்கு என்னங்க செய்யணும்?”

“அது கர்ப்பிணிய ஸ்கேன் பண்ணாதுன்னு நிரூபிக்கணும்.”

“எப்படிங்க நிரூபிக்கறது?”

“ஒரு கர்ப்பிணிய ஸ்கேன் பண்ணி, ஒண்ணும் தெரியலேன்னு காட்டணும்.”

“சரிங்க, காட்டிரலாங்களா?”

“அனுமதி இல்லாத மெஷின்ல கர்ப்பிணிய ஸ்கேன் பண்ணினா உள்ள போட்டுருவேன்.”

மேலே மின்விசிறி சுற்றியது. கடைசியில் டின்டுதான் விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தான். டாக்டர் ஒருவர் முன்னிலையில் கூட்டுப் பரிசோதனை. அதே மெஷின், அதே பேஷன்ட். அதற்கு முறைப்படி அடுத்த மாதம்தான் தேதி.

“பேஷன்ட் இப்ப எந்த நெலமையில இருக்கு?” என்று கேட்டான் டின்டு. “நிக்குதா, படுத்திருக்கா?”

“ஜாக்கியில தாங்கி நிக்குதுங்க.”

“சார், தாங்கி நிக்கற பேஷன்ட்டுன்னா அவசர வகை. மூணு நாளுக்குள்ள பாத்தாகணும்.”

சிவப்பிரகாஷ் விதியைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். விதி என்றால் அவருக்கு உயிர். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி என்று எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வந்த டாக்டர் ஜெஸ்னா மகப்பேறு மருத்துவர். கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் வளர்ந்தவர். காரை விட்டிறங்கி, தந்தத்துக்குச் சாக்கு கட்டிய யானையைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“இதுதான் பேஷன்டா சார்?”

“ஆமா டாக்டர்.”

“எத்தனை மாசம்?”

“அஞ்சு நாள்.”

“சரி” என்றார் டாக்டர். “பதினாறு வருஷ சர்வீஸ்ல இம்புட்டு அமைதியான பேஷன்ட நான் பாத்ததே இல்ல. கொம்புக்கு என்ன கட்டு?”

“ஆணா பொண்ணான்னு தெரியக் கூடாதுன்னு.”

“ஃபாரத்துல பேரே கொம்பன்னுதான எழுதியிருக்கீங்க.”

சிவப்பிரகாஷ் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, சாக்கை அவிழ்க்கும்படி டின்டுவுக்குச் சைகை காட்டினார். ரகசியத்தை வெளியிட்டது தன் அலுவலக ஆவணம் என்றால், அது குற்றம் அல்ல, பதிவு.

முத்திரையை உடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. உடைப்பதற்கு முன் ஒரு படம், உடைத்தபின் ஒரு படம், உடைந்த அரக்கை எண்ணி ஒரு குறிப்பு. ஜெல் தடவி வில்லைகளைக் காலின் இருபக்கமும் வைத்து அழுத்தினார் பூபதிராஜா. 2.40 மணிக்கு எண் 126. நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா? ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 3.10க்கு மறுபடி வைத்தார். 125.

“இறங்குதுங்க” என்றார், பாதி வருத்தமும் பாதி ஆர்வமுமாக.

சிவப்பிரகாஷ் எழுந்தார். “டாக்டர், பேஷன்ட் கர்ப்பமா?”

“இல்ல சார்.”

“எழுதிக் குடுத்திருங்க. டின்டு, மெஷின சீல் வை. இறுதி உத்தரவு வர ஆறு மாசம் ஆகும்.”

பூபதிராஜா வில்லையை விடவில்லை. “சார், இன்னும் ஒண்ணு ஒண்ணர மணி நேரம் குடுங்க. உள்ள இன்னும் இறுகி முடியல. இது மேல நாளைக்கு மூணு பேரு ஏறறாங்க.” பிறகு டாக்டரிடம் திரும்பி மாடு, கம்பம், தள்ளுவது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். டாக்டர் இடைமறிக்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும் டின்டுவைப் பார்த்தார்.

“தம்பி, ஒரு ஸ்கேன பாதியில விட்டா உங்க புத்தகம் என்ன சொல்லுது?”

டின்டு பக்கம் தேடி வாசித்தான்: “முடிவு தெரியாத பரிசோதனையை முடிந்ததாகப் பதிதல் கூடாது. மேற்பார்வையாளர் முடிவு தெரியும்வரை உடனிருத்தல் வேண்டும்.”

“அம்புட்டுத்தான்” என்றார் டாக்டர். “டீ கிடைக்குமா?”

அனுப்பிரியா டீயும் பழம்பொரியும் வரவழைத்தாள். சிவப்பிரகாஷ் கதவோரம் நாற்காலி போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். 3.40க்கு 123. “எவ்வளவு?” என்று அங்கிருந்தே கேட்டார். 4.10க்கு 122. நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். 4.40க்கு மறுபடி 122. இப்போது நாற்காலி யானையின் காலடிக்கே வந்துவிட்டது.

“நின்னுருச்சா?”

“ரெண்டு தடவ வந்திருக்குதுங்க. இன்னொண்ணு வரணும்.”

பொங்கியண்ணன் எப்போதோ வந்து நின்றிருந்தார், காதில் போன். ஏஜென்டு மறுமுனையில் காத்திருந்தான். “ரெண்டு தடவ ஒண்ணா வந்தாச்சல்ல பூபதி? ஏத்திரு. அஞ்சாகப் போகுது. ஆனை வேணுமா வேண்டாமான்னு இவனுக்கு இப்பச் சொல்லணும்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யானை லாரி ஏறிவிடும். பூபதிராஜா நோட்டைப் புரட்டிக் காட்டினார். “ரெண்டாவது கால் இப்படித்தானுங்க மாமா, ரெண்டு தடவ ஒண்ணாக் காட்டிட்டு மறுபடி இறங்குச்சு. அஞ்சு பத்துக்குத்தான் சொல்ல முடியும்.”

“அஞ்சு பத்துக்கு அவன் வேற ஊருக்கு ஒத்துக்குவான்.”

“ஒத்துக்கட்டுமுங்க” என்றாள் அனுப்பிரியா. “குதுரையாட்டம் தெரியாம இதையும் ஏத்தி அனுப்பறதுக்கில்ல.”

பொங்கியண்ணன் வாயைத் திறப்பதற்குள் சிவப்பிரகாஷ் எழுந்து அவர் காதிலிருந்து போனை எடுத்துக்கொண்டார். “ஹலோ, கவர்மென்ட் ஆபீஸர் பேசறேன். இங்க பேஷன்ட் ஸ்கேன்ல இருக்குது. முடிவு வர்றதுக்குள்ள வேற ஊருக்கு ஒத்துக்கிட்டா நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். அஞ்சு பதினஞ்சு வரைக்கும் அப்படியே நில்லு.” எந்த விதியின் கீழ் என்று ஏஜென்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் டின்டு தேடியிருப்பான்.

5.10. ஜெல் தடவிய வில்லைகளைப் பூபதிராஜா இருபக்கமும் அழுத்திப் பிடித்தார். நாலு தலைகள் மெஷினுக்கு மேல் குனிந்தன. 122.

பூபதிராஜா போய் ஜாக்கியின் பிடியைச் சுற்றினார். யானையின் வயிற்றுக்கும் ஜாக்கிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி தெரிந்தது, பிறகு ஒரு கை. யானை நான்கு காலில் நின்றது.

“சுகப் பிரசவம்” என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டு.

சிவப்பிரகாஷுக்கு இன்னும் ஒரு ஃபாரம் இருந்தது. பேஷன்ட்டை வெளியே அனுப்ப வேண்டுமானால் பைஸ்டாண்டர் கையெழுத்து வேண்டும். கேரளத்து ஆஸ்பத்திரிகளில் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் இல்லாமல் ஒரு பேஷன்ட்டும் வெளியே போக முடியாது. பூபதிராஜா மைய நடத்துநர், பொங்கியண்ணன் கணவர் தரப்பு, டாக்டர் டாக்டர். விதிப்படி பார்த்தால் மத்தியானத்திலிருந்து நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். சிவப்பிரகாஷ் பேனாவைத் திறந்து தானே கையெழுத்துப் போட்டார். ‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் சற்று யோசித்து, ‘தெரிந்தவர்’ என்று எழுதினார். பிறகு மெஷினுக்கு மறுபடி முத்திரை வைத்தார். பாலக்காட்டுச் சுவரில் பதினோரு வருடமாக அடியில் ஓடிய கோடு அந்த மாதம் ஓர் அங்குலம் மேலே ஏறியது. ‘தடுக்கப்பட்ட குற்றம்: 1’.

சனிக்கிழமை காலை கோயில் வாசலில் கூட்டம் யானையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூபதிராஜா மட்டும் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூசாரி சாமியோடு ஏறினார். குடைக்காரர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். மேளம் வேகமெடுத்தது. அந்த நேரம் பார்த்து, “நானும் ஒருக்காப் பாக்கறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொங்கியண்ணன் ஏணியில் கால் வைத்தார்.

“மாமா, மூணு பேருக்குத்தானுங்க கணக்கு.”

“காலு இறுகிருச்சா இல்லியா?”

“இறுகிருச்சுங்க.”

“அப்புறமென்ன” என்று அவர் ஏறி நடுவில் அமர்ந்தார். கூட்டத்தில் பின்வரிசை ஆட்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். அவர்கள் குதிரையைப் பார்த்தவர்கள்.

ஒரு முழு மேளம் முடிந்து, நால்வரும் இறங்கினார்கள். கூட்டம் பிரசாதத்துக்குப் போனபின் பூபதிராஜா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து நான்காவது காலடியில் வைத்துப் பார்த்தார். கால் துளியும் மடங்கவில்லை, மண்தான் முக்கால் அங்குலம் உள்ளே போயிருந்தது.